கடை வாசலில் உடைக்கப் பூசணி கேட்ட மகனுக்கு

அய்யா ராசா,

உன் கார்டு கைக்கு வந்தது. தை பிறந்ததும் பரமக்குடியில் கடை திறக்கிறாய், நான் வந்து விளக்கேற்ற வேண்டும், வரும்போது நம் தோட்டத்துச் சாம்பல் பூசணியில் பெரிய காயாகப் பார்த்து ஒன்று கொண்டுவர வேண்டும், திருஷ்டி சுற்றி வாசலில் உடைப்பதற்கு, என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ திறப்பது பூச்சி மருந்துக் கடை. கேட்பது பூசணிக்காய். இரண்டையும் ஒரே கார்டில் எழுதும்போது உனக்கு ஒன்றும் உறைக்கவில்லையா? உறைத்திருக்காது. உன் மனதில் இருப்பது நீ சின்னப்பிள்ளையில் ஓடித் திரிந்த தோட்டம். இன்றைக்கு அங்கே கொடி இருக்கிறது, பூ இருக்கிறது, காய் இல்லை. பிஞ்சு கட்டைவிரல் பருமன் வந்ததும் மஞ்சளாகி, நுனி அழுகி, காம்போடு விழுந்துவிடுகிறது. ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். விளக்கேற்ற வருவேனா மாட்டேனா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ படிக்கமாட்டாய். போன தடவை நான் எழுதியதைப் பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய் என்று உன் பெண்டாட்டியே சொன்னாள். அதை நான் மறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் கோணலாக இருக்காது. வேண்டுமானால் கடைக்கு வருகிறவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டு. எனக்கு வெட்கமில்லை.

நம் தொழுவத்துச் சுவர் உனக்கு நினைவிருக்கும். உன் அய்யா அந்த மண்சுவரை எழுப்பும்போதே ஒரு பழைய பானையைப் படுக்கவைத்து உள்ளே பூசிவிட்டார். அடிப்பக்கம் சின்ன ஓட்டை போட்டு வெளியே பார்க்க வைத்திருந்தார். வாய்ப்பக்கம் தொழுவத்துக்குள், பலகை வைத்துச் சாணியால் மெழுகி மூடியிருக்கும். யாரும் கூப்பிடாமலே தேனீ வந்து குடியேறியது. வேம்பு பூத்து ஓய்ந்ததும் பலகையைத் திறந்து பாதி அடையை அறுத்துக்கொண்டு, பாதியை அதுகளுக்கே விட்டுவிட்டு மூடுவார். அந்தத் தேன்தான் உங்கள் இருமலுக்கு மருந்து, நாக்குப்புண்ணுக்கு மருந்து. நான் அதன் பக்கம் போகமாட்டேன். எனக்குத் தேனீ என்றால் பயம், கோபம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனால் நெற்றியிலோ கையிலோ ஒன்று போடும். ஏதோ செல்லமாக வளர்த்த பிராணியைப் பற்றி ஆத்தா அழுகிறாள் என்று நினைத்துவிடாதே.

பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகச் சுதந்திரக் கொடி ஏற்றி ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்த அன்றைக்கு, நீ அதைத் தின்னாமல் ஆத்தாளிடம் காட்ட வேண்டும் என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தாய். தொழுவம் தாண்டும்போது தேனீ மொய்த்துவிட்டது. கையை உதறினாய், மிட்டாய் சாணிக்குள் போனது, கண் இமையில் ஒரு கொட்டு. நீ போட்ட சத்தத்தில் மாடு அறுத்துக்கொண்டு ஓடியது. உன் அய்யா கொடுக்கை நகத்தால் வழித்து எடுத்துவிட்டு, "ஏலே, ஈ கொட்டுனதுக்கு அழுகுறியா, மிட்டாய் போனதுக்கு அழுகுறியா?" என்று கேட்டார். "ரெண்டுக்குந்தான்" என்றாய். "அப்ப ஒரு கண்ணுல மட்டும் ஏன் தண்ணி வருது?" என்றார். வீங்கின கண்ணோடு நீ சிரித்தாய். மறுநாளே போய் அதே ஈயோடு விளையாட ஆரம்பித்தாய். விடிகாலையில் பூசணிப்பூவுக்குள் ஈ நுழைந்ததும் இதழைக் குவித்துப் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆத்தா, உள்ள நாயனம் வாசிக்கிறாக, வந்து கேளு" என்பாய். அடுப்பில் உலை கொதிக்கிறது, உனக்கு நாயனம் கேட்கிறதா என்று விரட்டியிருக்கிறேன். அந்த நாளில் விடிந்தால் தோட்டம் முழுக்க அந்தச் சத்தம்தான். சத்தம் என்றுகூடத் தோன்றாது. நின்ற பிறகுதான் அது இருந்தது என்றே தெரிந்தது.

எப்படி நின்றது என்று கேள். நான் ஒவ்வொருவராகக் குற்றம் சாட்டி வந்திருக்கிறேன், உனக்குத் தெரியும். முதலில் உன் சித்தப்பன். தோட்டத்துக்கும் அவன் பங்குக்கும் நடுவில் நின்ற புங்கையையும் வேம்பையும் செங்கல் சூளைக்கு வெட்டினானே, அந்த வருஷம் அவனோடு பேச்சை நிறுத்தினேன். நான் வரப்பில் நின்று கத்தியபோது கோடாலியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னான்.

"மதினி, மரம் ஏம் பங்குல நிக்கிது. வெட்டுவேன், எரிப்பேன்."

"மரம் ஒங்க பங்குல நிக்கிது கொழுந்தனாரே. அந்தப் பூவத் தின்னுட்டு ஈ வந்து விழுகுறது யார் பங்குல?"

"ஈக்குமா பங்கு கேக்குறீக? இருங்க, தராசு கொண்டாறேன், ஆளுக்குப் பாதியா நிறுத்துக்கிருவோம்."

மரம் வெட்ட வந்த ஆட்களெல்லாம் சிரித்தார்கள். உன் அய்யாவும் திரும்பி நின்று சிரித்தார், அதையும் பார்த்தேன். சித்திரை வெயிலில் ஊரெல்லாம் கருகிக் கிடக்கும்போது தேனீக்குச் சோறு போட்டது அந்த இரண்டு மரமும்தான். மரம் போன பிறகு பானையில் அடை சிறுத்தது. ஆனாலும் ஈ இருந்தது. முருங்கைக்கு வந்தது, எள்ளுக்கு வந்தது, கண்மாய்க்கரை உடைமரத்துக்குப் போய்விட்டு வந்தது. ஆகவே தேனீ விஷயத்தில் உன் சித்தப்பன் மேல் முழுப் பழியும் போட முடியாது. மற்ற விஷயங்களில் போட இருக்கிறது. அவனையும் கடைத் திறப்புக்குக் கூப்பிட்டிருக்கிறாயாம். கூப்பிடு. ஒரே பெஞ்சில் உட்காரவைக்காதே.

அதற்கடுத்து மலேரியாவுக்கு மருந்தடிக்க வந்தார்கள். தோளில் தகர டப்பாவும் கையில் நீளக் குழாயுமாக வந்து, "சட்டிபானையெல்லாம் வெளிய எடுத்து வைங்காத்தா" என்றார்கள். எடுத்துவைத்தேன். "தொழுவத்துக்குமா அடிக்கணும்?" என்று கேட்டேன். "கொசு மாட்டுக்கிட்டதான ஆத்தா இருக்கும்" என்றான் ஒரு பையன். சரியாகத்தான் சொன்னான். அடித்துவிட்டுக் கதவில் சாக்கட்டியால் ஏதோ எழுதிவிட்டுப் போனார்கள். மூட்டைப்பூச்சி செத்தது, எறும்பு செத்தது, மேலவீட்டுப் பூனை செத்தது. தொழுவத்துச் சுவரடியில் தேனீ குப்பை குப்பையாகக் கிடந்தது. உன் அய்யா பலகையைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பவும் சாணி போட்டு மூடினார். நான் அவர்களைத் திட்டவில்லை. உன் தங்கச்சி குளிர்காய்ச்சலில் நடுங்கி நடுங்கி என் மடியில்தான் போனாள். அவள் போவதற்கு முன்னால் அந்த டப்பா வந்திருந்தால் நானே என் கையால் அந்தப் பானையை உடைத்து வழிவிட்டிருப்பேன். தேனீயா பிள்ளையா என்று கேட்டால் எந்தத் தாய் யோசிப்பாள்? அதனால் அந்தக் கணக்கை நான் வைத்துக்கொள்ளவில்லை. நான் கணக்கில் வைக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

பானைதான் காலியானதே தவிர தோட்டத்துக்கு ஈ வந்துகொண்டுதான் இருந்தது, ஊருணிக்கரை மரப்பொந்திலிருந்தும் இடிந்த சத்திரத்துச் சுவரிலிருந்தும். பிறகு மழை பொய்த்த வருஷங்கள். பிறகு தனுஷ்கோடியைக் கடல் தின்ற அந்தப் புயல். இங்கே நம் பக்கமே பனைகளின் தலை திருகி எறிந்திருந்தது, முருங்கை ஒன்றுகூட நிற்கவில்லை. இனி ஈ வராது என்று நினைத்தேன். பங்குனியில் ஒடிந்த முருங்கைக் கட்டை தளிர்த்துப் பூத்தது. கொஞ்சமாக, இளைத்துப்போய், ஈயும் வந்தது. கடலும் காற்றும் விட்டுவைத்ததைப் பார்த்து, உன் அய்யா சாகக் கிடக்கும்போதுகூட ஜன்னல் வழியாக அந்த ஈயைக் கைகாட்டினார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே, கோபித்தாலும் படி.

அய்யா போன மறுவருஷம் மிளகாய் இலையெல்லாம் சுருண்டு, செடி குட்டைபிடித்து நின்றது. நான் உனக்குச் சொல்லியனுப்பினேன். நீ சர்க்கார் விவசாய டிப்போவில் வேலையில் இருந்தாய். பஸ்ஸிலிருந்து பூச்சித்தூள் சாக்குமூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாய், சட்டையெல்லாம் அந்த மக்கின வாடை. உன் அய்யாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தூளை அதில் முடிந்து, கம்பின் நுனியில் கட்டி, எப்படித் தட்டிக்கொண்டே நடக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாய்.

"விடிகாலம் பனியோட தூவணும் ஆத்தா. எலையில ஈரம் இருந்தாத்தான் தூளு ஒட்டும். வெயிலேறிட்டாக் காத்துல போயிரும்."

"மூக்குல ஏறுதேய்யா."

"முந்தானைய வச்சுப் பொத்திக்க. அங்கன ஓரத்துப் பூசணிக்கும் ரெண்டு தட்டு தட்டிவிடு, வண்டு இருக்கு."

நீ சொன்னபடியே செய்தேன். மார்கழிப் பனியில் தோட்டம் மாவு சலித்த மாதிரி வெள்ளையாக நின்றது. மிளகாய் பிழைத்தது. களத்தில் காயப்போட்டபோது ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த மிளகாயில்தான் உன் கல்யாணம் நடந்தது, உன் பெண்டாட்டி கழுத்தில் கிடப்பதும் அதில் வந்ததுதான். இதை நான் மறைக்கவில்லை. நம் மிளகாயைப் பார்த்து ஊரே தூவ ஆரம்பித்தது. எல்லாரும் வேட்டியைக் கிழித்தார்கள், எல்லாரும் விடியலில், எல்லாரும் பனியோடு. கத்தரிக்கு, பருத்திக்கு, அவரைக்கு, கடைசியில் பூச்சியே இல்லாத செடிக்கும், பக்கத்துக்காரன் தூவிவிட்டானே என்று.

பூசணிப்பூ எப்போது விரியும்? அதே பனி நேரத்தில். வெயில் உறைக்க ஆரம்பித்தால் சுருங்கிவிடும், மறுநாள் விரியாது. ஈ வருவதும் அப்போதுதான். ஒரு நாள் குனிந்து பூவுக்குள் பார்த்தேன். ஒரு ஈ மஞ்சள் தூளில் புரண்டுகொண்டிருந்தது. காலிரண்டிலும் உருண்டை கட்டியிருந்தது, எப்போதும் கட்டுவதுதான். ஆனால் அந்த உருண்டை மஞ்சளாக இல்லை, வெளுத்திருந்தது. பிள்ளைகளுக்குக் கொண்டுபோகிற சோறு என்று நினைத்து அதைக் கட்டிக்கொண்டு பறந்து போனது. அந்த ஒன்றை நான் பார்த்தேன். மற்றவை என்ன ஆயின என்று பார்க்கவில்லை. அதற்கடுத்த மார்கழியில் தோட்டத்தில் நாயனம் இல்லை.

போன தீபாவளிக்கு வந்தபோது இதைச் சொன்னேன். இலையில் உட்கார்ந்தபடியே வாதாடினாய்.

"மழ இல்ல, மரம் இல்ல, பூ இல்ல. ஈ எதத்தான் திங்கும் ஆத்தா? மருந்த மட்டும் சொல்றியே."

"நான் எல்லாத்தையுந்தான்யா சொல்றேன். மருந்தையும் சொல்றேன்."

"மொளகாய்க்கு ஈ எதுக்கு? அது தானாக் காய்க்கும்."

"பூசணி?"

"பூசணி சந்தையில கெடக்கு. அதுக்காக ஊரு மொளகாயச் சாகவிடச் சொல்றியா?"

உன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வடையை வைத்துவிட்டு எழுந்து போனேன். நீ சொன்னதில் பொய் இல்லை. மழையும் போயிருக்கிறது, மரமும் போயிருக்கிறது. எது கொன்றது என்று யாராவது கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் செய்ய முடியாது. நாலு பேர் சேர்ந்து அடித்துச் செத்தவனை எந்த அடி கொன்றது என்று எப்படிச் சொல்வது? ஆனால் ராசா, சந்தையில் கிடக்கிற பூசணியை விட்டுவிட்டு எனக்கு ஏன் கார்டு போட்டாய்? உனக்கும் நம் தோட்டத்துக் காய்தானே வேண்டியிருந்தது?

இப்போது நான் செய்கிற வேலையைக் கேள், சிரிப்பாய். சிக்கல் ஊர்ச் சந்தையில் காய் விற்கிற ஒருத்தி சொன்னாள், அவள் வீட்டில் அப்படித்தான் செய்கிறார்களாம். விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறேன். ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுவில் இருக்கிற தூள் தண்டை, பிஞ்சு வைத்த பூவின் வாயில் மெல்லத் தடவுகிறேன். ஈ செய்த வேலை. அது கொட்டிய கையாலேயே அது செய்த வேலையைச் செய்கிறேன். இடுப்பு நிமிரமாட்டேன் என்கிறது. நடுக்கத்தில் பாதித் தூள் மண்ணில் விழுகிறது. ஈக்கு இடுப்பு வலித்ததாக நான் கேட்டதில்லை.

இதிலும் ஒரு இடைஞ்சல். மார்கழிக் கோலத்துக்குச் சாணி உருண்டையில் வைக்கப் பூசணிப்பூ வேண்டும் என்று மேலவீட்டு மருமகள் எனக்கு முன்னால் வந்து நிற்கிறாள், ஓலைக்கொட்டானோடு. ஒரு நாள் பிடித்துக்கொண்டேன்.

"ஏத்தா, ஆம்பளப் பூவையெல்லாம் வழிச்சுட்டுப் போயிட்டா நான் என்னத்தக் கொண்டு தொட்டுவைக்க?"

"பெரியாத்தா, பிஞ்சுவச்ச பூவப் பறிக்கக் கூடாதுன்னு எங்க அத்த சொல்லிக்குடுத்துருக்காக. நான் சும்மா நிக்கிற ஆம்பளைகளத்தான் பறிக்கிறேன்."

"சும்மா நிக்கிறாகன்னு யாரு சொன்னா?"

"எங்க வீட்டுல ஒண்ணு நிக்கிதே பெரியாத்தா, அதப் பாத்துத்தான் சொல்றேன்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. நானும் புதுப்பெண்ணாக வந்த மார்கழியில் என் மாமியார் இதையேதான் சொல்லிக்கொடுத்தார்: காம்பு நீண்ட மொட்டைப்பூவைப் பறி, பிஞ்சுப்பூவை விடு. அப்போது அது சரியாக இருந்தது. எத்தனை பறித்தாலும் மிச்சம் நின்ற பூவிலிருந்து எடுத்துக் கொடுக்க ஈ இருந்தது. எடுத்துக் கொடுப்பவன் போன பிறகும் நாம் பழைய பாடத்தையே நடத்திக்கொண்டிருக்கிறோம். ஊரில் எல்லா வாசலிலும் பூசணிப்பூ இருக்கிறது. எந்த அடுப்பிலும் பூசணிக்காய் இல்லை.

என் கை தொட்ட பூக்களில் ஒன்று பிடித்தது. வேலி ஓரம், கிணற்று மேட்டுக்கு அந்தப் பக்கம். இலை போட்டு மறைத்து வைத்திருக்கிறேன். சாம்பல் இப்போதுதான் படிய ஆரம்பித்திருக்கிறது. தை பிறக்கும்போது நீ கேட்ட அளவு வந்துவிடும். அதை நான் கொண்டுவரமாட்டேன். குங்குமம் தடவி, சூடம் ஏற்றி, அந்தக் கடை வாசலில் நடுரோட்டில் போட்டு உடைக்க அதை நான் தரமாட்டேன். விதைக்கு வைக்கிறேன். நீ சந்தையில் வாங்கி உடை, அங்கேதான் கிடக்கிறதே.

விளக்கேற்ற வருகிறேனா என்று கேட்டாய். நல்ல நேரம் காலையில் என்று போட்டிருக்கிறாய். காலையில் எனக்குப் பூ இருக்கிறது. அன்றைக்கு நான் பஸ் ஏறினால் அன்றைக்கு விரிகிற பூவெல்லாம் வீண். விளக்கை உன் பெண்டாட்டி ஏற்றட்டும். அவள்தான் அந்தக் கடைச் சோற்றைச் சாப்பிடப் போகிறவள், அவள் ஏற்றுவதுதான் முறையும்கூட. கடையைத் திறக்காதே என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்பாயா? நீ மூடினால் இன்னொருவன் திறப்பான். உனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மிளகாய்க்காரனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். பனியோடு தூவச் சொல்லி இந்தத் தோட்டத்தில் ஆரம்பித்து வைத்தவன் நீ. அந்தப் பேச்சை நீயே திருப்பி வாங்கு. தூள் வாங்க வருகிற ஒவ்வொருவனிடமும், பூ சுருங்கின பிறகு, பொழுது சாய்ந்து தூவச் சொல். பூச்சி இல்லாத செடிக்கு வேண்டாம் என்று சொல். சாயங்காலம் ஈரம் இராது, சரியாக ஒட்டாது, வாங்கினவன் உன்னிடம் வந்து முனகுவான், பக்கத்துக் கடைக்குக்கூடப் போவான். தெரிந்துதான் கேட்கிறேன். இப்படிச் சொன்னால் ஈ திரும்பி வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. மரமும் மழையும் உன் கையில் இல்லை. இது உன் வாயில் இருக்கிறது.

சம்மதம் என்றால் ஒரு கார்டு போடு. பூவெல்லாம் தொட்டுவைத்துவிட்டு மத்தியான பஸ்ஸில் வருகிறேன், உன் கடை பெஞ்சில் உட்கார்ந்து நீ சொல்வதை என் காதால் கேட்டுவிட்டு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். சம்மதம் இல்லை என்றால் எழுத வேண்டாம். கார்டு வராவிட்டால் நான் புரிந்துகொள்வேன்; உன் சித்தப்பனோடு எப்படி இருக்கிறேனோ அப்படி உன்னோடும் இருக்க எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் சொல்கிறேன், முடியும் என்று சொல்லவில்லை.

மண்ணெண்ணெய் தீரப்போகிறது. நாளைக்கு விரியப்போகிற மொட்டுகளைச் சாயங்காலமே பார்த்து வைத்துவிட்டு வந்தேன். மேலவீட்டு மருமகள் எழுந்திருப்பதற்கு முன்னால் நான் போய்ச் சேர வேண்டும். அவை விரியும், வெயில் வரும்வரை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். வேறு யாரும் வரமாட்டார்கள்.

உன் ஆத்தா